மா என்றால் என்ன?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு, ஒரு டீ போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் பத்து நாளாக ஒரு தகவல் சுற்றுகிறது. சீன மொழியில் 'மா' என்றால் குதிரை. நம் சங்கப் பாட்டிலும் 'மா' என்றால் குதிரை. ஆகவே சீன மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று. அனுப்பியவன் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. "அத்தை, நீங்க டீச்சர்தானே, இது சரியான்னு சொல்லுங்க" என்று கீழே ஒரு வரியும் போட்டிருந்தான். இரண்டு வரியில் பதில் சொன்னால் சண்டையில் முடியும். அதனால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்தவள். மொழியியல் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் 'மா' எழுதியவள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஓரெழுத்து ஒருமொழி 42 என்று நன்னூல் சொல்கிறது. ஒரே எழுத்து தனியாக நின்று பொருள் தரும் சொற்கள் அவை. அதில் 'மா'வும் ஒன்று. மா என்றால் மாமரம். மா என்றால் விலங்கு. குதிரையும் யானையும் அதில் அடக்கம். அரிமா என்றால் சிங்கம். மா என்றால் பெரிய என்றும் பொருள்: மாநகரம், மாநாடு. இலங்கைத் தமிழர் வீட்டில் மா என்றால் மாவு. கோதுமை மா, அரிசி மா என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தையே மா கணக்கில் சொல்வார்கள். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். இருபது மா ஒரு வேலி. பழைய பின்ன வாய்ப்பாட்டில் மா என்பது 1/20. ஒரே எழுத்து நம்மிடமே இத்தனை வேலை செய்கிறது.

இனி வெளியே போவோம்.

சீனத்தில் ஒலியின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும். நமக்குக் கலை, களை, கழை மூன்றும் வேறு வேறு அல்லவா, அதுபோல. 'மா'வைச் சமமாக உயர்த்திச் சொன்னால் அம்மா. கீழிருந்து ஏற்றிச் சொன்னால் சணல் வகைச் செடி. இறக்கி ஏற்றினால் குதிரை. வெடுக்கென்று இறக்கினால் திட்டுவது. அழுத்தமில்லாமல் வாக்கியத்தின் கடைசியில் போட்டால் கேள்வி. சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகள் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்லித் தருவார்.

வியட்நாமில் ஆறு ஏற்ற இறக்கம். மா அங்கே பேய், தெற்கே அம்மா, ஆனால் என்ற இணைப்புச் சொல், கல்லறை, குதிரை, நெல் நாற்று. அந்தக் குதிரை மட்டும் சீனத்திலிருந்து போனது.

இத்தாலியில் 'மா' என்றால் 'ஆனால்'. ஃபிரெஞ்சில் 'என்னுடைய'. ஹங்கேரியில் 'இன்று'. ஜப்பானில் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பாட்டிலும் நாடகத்திலும் வரும் மௌனத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். பின்லாந்தில் மா என்றால் நிலம். (நமக்கும் அது நில அளவுதானே என்று நாளைக்கே இன்னொரு தகவலைக் கிளப்பிவிடாதீர்கள்!)

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நம் வீடுகளில் பலர் உண்டு. 'மாஃபி' என்ற சொல்லை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். இல்லை என்று அர்த்தம். அதில் முன்னால் இருக்கும் 'மா'தான் இல்லை என்பது. சமஸ்கிருதத்திலும் 'மா' என்றால் 'செய்யாதே'. துருக்கி மொழியில் 'பக்' என்றால் பார்; 'பக்மா' என்றால் பார்க்காதே. மூன்றும் மூன்று வெவ்வேறு மொழிக் குடும்பங்கள். ஆனாலும் மூன்றிலும் மா வந்து மறுக்கிறது.

சரி, இதெல்லாம் எப்படி நடக்கிறது? உலகத்தில் ஏறக்குறைய 7000 மொழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில பத்து ஒலிகளை வைத்துக்கொண்டுதான் எல்லாச் சொல்லையும் செய்தாக வேண்டும். சொல் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ, அவ்வளவு எளிதாக இன்னொரு மொழியில் தற்செயலாக அதே ஒலி வந்துவிடும். சில சமயம் பொருளும் ஒத்துப்போகும்.

வகுப்புக் கணக்காகவே சொல்கிறேன். 40 பேர் உள்ள வகுப்பில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்குப் பத்து என்று நினைப்போம். உண்மையில் ஏறக்குறைய நூற்றுக்கு 89. ஒரே நாளில் பிறந்ததால் அந்த இருவரும் இரட்டைப் பிள்ளைகள் ஆகிவிடுவார்களா?

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் ம்பபரம் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலத்திலும் அதுதானே! டிக்சன் என்ற மொழியியலாளர் இதைப் பதிவு செய்தார். ஆங்கிலேயரிடம் வாங்கிய சொல் அல்ல அது. அந்த மொழியின் பழைய சொல் ஒன்று தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகியிருந்தது.

குதிரை விஷயமும் இதே கதைதான், கண்ணு. பழங்காலச் சீனத்தில் குதிரைக்கான சொல்லின் நடுவில் 'ர' ஒலி இருந்தது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். சீனத்தோடு உறவுள்ள பர்மிய மொழி எழுத்தில் அந்த ர இன்றும் இருக்கிறது. நம் மாவோ குதிரைக்கு மட்டும் உரிய பெயர் அல்ல, விலங்குக்கே பொதுப்பெயர். பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உறவுக்காரர்களாக இருந்தால் பின்னோக்கிப் போகும்போது நெருங்கி வர வேண்டும்.

அப்படியானால் மொழி உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? பால், ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பத்து, ஹத்து. பள்ளி, ஹள்ளி. தமிழில் ப வரும் இடத்தில் கன்னடத்தில் ஹ வருகிறது. ஒரு சொல்லில் அல்ல, வரிசையாக. இதுதான் உறவு. 1816-ல் எல்லிஸும், 1856-ல் கால்டுவெல்லும் தென்னாட்டு மொழிகள் ஒரே குடும்பம் என்று எடுத்துக்காட்டியது இப்படி வரிசையாக வைத்துப் பார்த்துத்தான்.

வாங்கிய சொல்லுக்கும் தடயம் இருக்கும். நம் மாங்காய் கப்பலேறிப் போர்த்துக்கீசியர் வாயில் 'மாங்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆனது. தமிழிலிருந்தா மலையாளத்திலிருந்தா என்று அண்ணன் தம்பி சண்டை வேண்டுமானால் போடலாம். இந்தக் கரையிலிருந்து போனது என்பதில் சந்தேகம் இல்லை. கட்டுமரமும் அப்படிப் போனதுதான். உண்மையான பெருமை இத்தனை இருக்கும்போது இரவல் பெருமை நமக்கு எதற்கு?

அம்மா என்ற சொல் மட்டும் ஏன் ஊரெல்லாம் 'ம'வில் வருகிறது என்று கேட்பீர்கள். குழந்தைக்கு உதட்டை மூடித் திறந்தால் வரும் ஒலி அது. பால் குடிக்கும் வாய்க்கு எளிது. அந்த ஒலிக்குப் பொருள் கொடுப்பது பெற்றவர்கள். ரோமன் யாகோப்சன் என்ற அறிஞர் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். ஆனால் எல்லா ஊரிலும் அம்மாவுக்கே அது கிடைத்துவிடவில்லை. ஜார்ஜியா நாட்டில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தெதா'. ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. நமக்கு அம்மாவின் தம்பி. சிங்களத்தில் 'மம' என்றால் நான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பனியன் கம்பெனி வேலைக்கு வடக்கேயிருந்து குடும்பங்கள் வரத் தொடங்கிய காலம். இரண்டாம் வகுப்பில் இந்தி பேசும் ஒரு பெண் குழந்தை சேர்ந்தாள். ஒரு நாள் மாம்பழப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டேன். "ஆம்" என்றாள். வகுப்பே சிரித்தது. இது என்ன என்றால் ஆமாம் என்கிறாளே என்று. அவள் சொன்னது சரியான விடை. இந்தியில் 'ஆம்' என்றால் மாம்பழம். சமஸ்கிருத ஆம்ரம் தேய்ந்து ஆம் ஆனது. நம் ஆகும் தேய்ந்து ஆம் ஆனது. இரண்டும் தேய்ந்து வந்து ஓரிடத்தில் முட்டிக்கொண்டன. நடுவில் மாட்டிக்கொண்டது ஏழு வயதுக் குழந்தை.

நான் அப்போதே விளக்கிச் சொன்னேன். ஆனால் சாயங்காலத்துக்குள் பையன்கள் அவளுக்கு 'ஆமை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த நாள் அவள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் வரவே இல்லை. அந்த வாரக் கடைசியில் அவர்கள் இருந்த லைன் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி அரைகுறை. கைக்குழந்தையைக் காட்டி, பெரியவள் இனிமேல் அதைப் பார்த்துக்கொள்வாள் என்பதுபோல் சைகை செய்தார். ஒரு சிரிப்பில் ஒரு குழந்தையின் படிப்பு நின்றுவிடும் என்று அன்றைக்குத்தான் என் கண்ணால் பார்த்தேன்.

கையைக் காலைக் காட்டிப் பேசித்தான் திரும்ப அழைத்து வந்தேன். திங்கட்கிழமை அவளைக் கரும்பலகை அருகில் நிறுத்தி, அவளை டீச்சராக்கினேன். மா என்று எழுதினேன். "உங்கள் வீட்டில் மா யார்?" என்று கேட்டேன். "மாங்... அம்மா" என்றாள். மாம்பழம் ஆம் என்றாள். பிறகு மூக்கைத் தொட்டு "நாக்" என்றாள். நம் பிள்ளைகள் எல்லோரும் நாக்கை நீட்டினார்கள். இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஆமை என்ற பெயர் சட்டென்று போய்விடவில்லை. இரண்டு மூன்று மாதம் இருந்தது. ஆனால் அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்தவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் ஊருக்குப் போனாள். கையெழுத்துப் போட்டது தமிழில்.

ஒலி ஒன்றாக இருக்கிறது என்று உலகத்தையே நம் பிள்ளை என்று சொல்வதும், அதே ஒலியை வேறு பொருளில் சொன்ன குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதும், யோசித்துப் பார்த்தால், ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அடுத்தவருக்கும் ஒரு மொழி முழுதாக இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

உங்களில் பலர் இன்று கம்பெனி நடத்துகிறீர்கள், கடை வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் வேலை செய்பவர் நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னால், உடனே மட்டம் தட்டாதீர்கள். அவர் சரியான விடையைத்தான் சொல்லியிருப்பார், அவர் மொழியில். வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் குழந்தை பள்ளியில் சொல்லும் தமிழ்ச் சொல்லுக்கும் அங்கே யாராவது சிரிக்கக்கூடும். குழந்தையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக வீட்டுப்பாடம். டீச்சர் ஓய்வு பெற்றாலும் வீட்டுப்பாடம் ஓய்வு பெறாது! நீங்கள் இருக்கும் ஊரில் 'மா' என்றால் என்ன என்று அந்த ஊர்க்காரரிடமே கேட்டு, கீழே எழுதுங்கள். பெயரோடு பள்ளி முடித்த வருடத்தையும் போடுங்கள். எனக்கு முகம் ஞாபகம் வர அது வசதி.

எல்லோரும் நலமாக இருங்கள்.