பாதிப் பாட்டு

சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டில் ரேடியோவை யார் திறப்பார்கள்? எங்கள் வீட்டில் அப்பாதான். பிள்ளைகள் தொட்டால் புறங்கையில் அடி விழும்.

நான் சொல்வது 1970-களின் கடைசியில். தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். அந்த ஊருக்கு அப்போது தெலுக் ஆன்சன் என்று பெயர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் உடம்புக்கு வாரத்தில் ஒரு மாலையாவது ஆறுதல் வேண்டாமா? அப்பா குளித்துவிட்டுக் கைலியோடு அஞ்சடியில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொள்வார். ரேடியோ சன்னல் பலகையில் இருக்கும். பேட்டரி சோர்ந்து சத்தம் மங்கியிருந்தால் மத்தியானமே கழற்றி வெயிலில் காய வைத்திருப்பார். பக்கத்து வீட்டு மாமா முக்காலியோடு வந்துவிடுவார். டி.எம்.சௌந்தரராஜன் பாட ஆரம்பித்தால், அது எம்.ஜி.ஆருக்கா சிவாஜிக்கா என்று இருவரும் பந்தயம் கட்டுவார்கள். தொண்டை ஒன்றுதான், ஆனால் ஆளுக்கு ஏற்றபடி குரலை மாற்றிக்கொள்வாரே! அப்பா தோற்று நான் பார்த்ததில்லை. மாமா விட்டுக்கொடுத்தாரோ என்னவோ.

இந்தக் காட்சியை எத்தனையோ முறை நினைத்து மகிழ்ந்திருக்கிறேன். அதில் அம்மா இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவும் அதே வேலைக்காட்டுக்குப் போனவர்தான். அதே பெரட்டு, அதே வாளி. சனிக்கிழமை மாலையில் அவருக்கு வேறு வேலை இருந்தது. ஒரு வாரத்து வேலைக்காட்டுத் துணி, பால் கறையோடு குவிந்து கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு லயத்துக் கோடியில் இருந்த பைப்படிக்குப் போவார்.

இப்போது நான் கிள்ளான் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ரப்பர் என்னை விட்டபாடில்லை, பாருங்கள். ஆறு நாளும் நின்றுகொண்டே பார்க்கும் வேலை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் துணி மிஷினைத் தட்டிவிட்டு, காலை ஸ்டூலில் நீட்டி, கைத்தொலைபேசியில் பழைய பாட்டு வைப்பேன். விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை என்றால் கால் குடைச்சல் பாதி குறைந்துவிடும். உங்களுக்கும் அப்படித்தானே?

போன மாதம் 1962-இல் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் பி.சுசீலா பாடிய பாட்டை வைத்தேன். கண்ணதாசன் எழுதியது. நோயில் கிடக்கும் கணவன், தான் போனபின் நீ வேறொருவரை மணந்துகொள் என்கிறான். அதைக் கேட்டு மனைவி பாடுகிறாள். உள்ளே படுத்திருந்த அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“புருஷன்கூட சண்டை போடற பாட்டுதானே இது?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “இல்லம்மா, முழுசாக் கேளுங்க” என்றேன்.

மூன்று நான்கு நிமிடப் பாட்டு. இரண்டாவது சரணம் வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார். “இதுக்கப்புறம் இப்படியெல்லாம் வருதா? எனக்கு முதல் அடிதான் பாப்பா தெரியும். வாளியை எடுத்துக்கிட்டு இறங்கறதுக்குள்ள அவ்வளவுதான் கேட்கும். பைப்பைத் திறந்தா தண்ணிச் சத்தம். திரும்பி வந்தா வேற பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை; அவரும் களைத்து வந்தவர்தான். கூப்பிட்டிருந்தால் அம்மா உட்கார்ந்திருப்பாரா என்பதும் சந்தேகம். ஆனால் அஞ்சடியில் வேலையற்று உட்கார்ந்திருந்த நான் ஒரு நாளாவது அந்தத் துணி வாளியின் ஒரு பக்கத்தையாவது பிடித்திருக்கலாம்.

அப்பா 2009-இல் காலமானார். அந்தப் பாட்டின் கடைசிச் சரணத்தை அம்மா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். தெய்வத்தின் மார்பில் சூடிய மாலை தெருவில் விழலாமா என்று அவள் கேட்டு உருகும் இடம் அது.

பாட்டு முடிந்ததும் சற்று நேரம் பேச்சில்லை. பின்கட்டில் துணி மிஷின் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

“அதை நிறுத்திட்டு வா பாப்பா. மறுபடியும் முதல்லேருந்து போடு” என்றார் அம்மா.

நிறுத்தினேன். அன்று துணியெல்லாம் சவுக்காரத் தண்ணீரிலேயே இரவு பத்து மணி வரை ஊறிக் கிடந்தன.