ஜாதவ்பூரில் சைக்கிள் எண்ணியது

கொல்கத்தா மாநகரின் தென்புறத்தே உள்ள ஜாதவ்பூருக்குச் செல்வது எளிது. சியால்தாவின் தெற்குப் பகுதியில் மின்சார ரயில் ஏறினால், பாலிகஞ்சு, டாக்குரியா ஆகிய நிலையங்களைத் தாண்டி அடுத்து வருவது அதுவே. ரயில்வே எழுத்தராகிய நாம் அந்நிலையத்தைப் பன்முறை கடந்ததுண்டு. ஊரைப் பார்ப்பதற்கென்று இறங்கியதில்லை. சென்ற பனிக்காலத்தில் நம் மைத்துனரின் பொருட்டு இறங்க நேர்ந்தது. அங்கே கண்டவற்றையும், நாம் செய்த பிழை ஒன்றையும் அன்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

ஜாதவ்பூர் என்றவுடன் நினைவுக்கு வருவது அதன் பல்கலைக்கழகம். 1905-இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது எழுந்த சுதேசி உணர்ச்சியின் பயனாக, மறு ஆண்டில் தேசியக் கல்விக் கழகம் தோன்றிற்று. அக்கழகம் நிறுவிய கல்லூரிக்கு முதல் தலைவராக விளங்கியவர் அரவிந்தர். அதே 1906-இல் தொடங்கப்பெற்ற தொழிற்கல்விக் கூடமும் பின்னர் அக்கழகத்தோடு இணைந்து வளர, 1955-இல் அது பல்கலைக்கழகமாயிற்று. நாடு பிரிந்தபின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள், இதன் சுற்றுப்புறத்தில் பிஜய்கர், ஆசாத்கர் முதலிய குடியிருப்புகளைத் தம் முயற்சியாலேயே அமைத்துக் கொண்டனர். வீடிழந்தோர் கட்டிய ஊர் இது. பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நமக்கு அத்தெருக்கள் அயலாகத் தோன்றவில்லை.

பல்கலைக்கழகத்தை அடுத்து இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் இருக்கிறது. சர் சி. வி. இராமன் ஆராய்ச்சி செய்த சங்கம் இதுவே. அந்நாளில் அது பௌபஜார் தெருவில் இருந்தது. 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த இராமன், அலுவலக வேலைக்கு முன்னும் பின்னும் அங்கே சென்று ஆராய்ந்தார். 1928-இல் தம் பெயர் தாங்கிய விளைவைக் கண்டார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். கணக்கு அலுவலகத்திலிருந்து அறிவியலுக்கு ஒரு வழி உண்டு என்பதை நினைத்தபோது, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கடைநிலை ஊழியராய்ச் சேர்ந்து, துறைத் தேர்வெழுதி எழுத்தரான நமக்கும் சற்று நெஞ்சு நிமிர்ந்தது.

மைத்துனர் முதுநிலைப் பொறியியல் பட்டத்துக்காக ஓர் ஆய்வேடு எழுதிக் கொண்டிருந்தார். பொருள் சைக்கிள் போக்குவரத்து. "சைக்கிளில் ஆராய என்ன இருக்கிறது, தம்பி?" என்று சிரித்தோம். "அத்தான், எண்ணாத பொருளுக்கு யாரும் இடம் ஒதுக்க மாட்டார்கள்" என்றார் அவர்.

அவர் விளக்கியது இது. 2013-இல் இந்நகரின் 174 சாலைகளில் சைக்கிளுக்குப் போலீசார் தடை விதித்தனர். எதிர்ப்பு எழுந்தபின் அப்பட்டியல் சுருக்கப்பட்டது. ஆயினும் இதே மாநிலத்தில் 2015 முதல் பள்ளி மாணவர்க்கு அரசே சைக்கிள் வழங்குகிறது. நம் தமிழ்நாட்டிலும் அவ்வழக்கம் முன்னரே உண்டு. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற வேலை செய்வோருள் 100-க்கு 13 பேர் சைக்கிளிலேயே வேலைக்குச் செல்கின்றனர். ஒரு கையால் கொடுத்து மறு கையால் தடுப்பது ஏன் என்பதே அவருடைய வினா.

இந்தியச் சாலைப் பேரவை 1962-இல் சைக்கிள் பாதைக்கு ஒரு விதி வகுத்தது. மோட்டார் வண்டிகள் மணிக்கு 200-க்கு மேல் ஓடும் சாலையில், நெரிசல் மிக்க வேளையில் மணிக்கு 100 சைக்கிள் சென்றாலே தனிப்பாதை அமைக்கலாம் என்பது அது. எனவே நெரிசல் வேளைக் கணக்கே ஆய்வேட்டின் உயிர். வண்டிகளைப் படம் பிடிக்கக் கருவி உண்டு. ஆனால் சைக்கிளில் செல்வோர் எதைச் சுமந்து செல்கின்றனர் என்பதைக் கண்ணால் கண்டே எழுத வேண்டும் என்று அவர் கருதினார். நண்பர்களோடு நாமும் துணைக்குச் சென்றோம்.

விடியுமுன் ஸ்டேஷன் ரோட்டின் ஓரத்தில் முக்காலி இட்டு அமர்ந்தோம். தாளில் கால்மணிக்கு ஒரு கட்டம். ஒரு சைக்கிளுக்கு ஒரு கோடு. ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். தெற்கிலிருந்து வந்த ரயில்கள், வீட்டு வேலைக்கு வரும் பெண்களையும் காய்கறிக் கூடைகளையும் இறக்கிய வண்ணம் இருந்தன. சாலையிலோ பத்திரிகை போடும் சிறுவர், பால்காரர், மீன் கூடை கட்டியவர், ஏணி சுமந்த மின்வேலைக்காரர், குழந்தையை முன்னால் வைத்த தகப்பனார் என்று சைக்கிள்கள் ஓயாமல் வந்தன. நகரம் கண் விழிப்பதற்கு முன் அதற்கு வேண்டியவற்றைக் கொண்டு வந்து சேர்ப்பவை இவ்விரு சக்கரங்களே என்று அன்றுதான் உணர்ந்தோம்.

இரண்டாம் நாள் காலை மீன் விற்பவர் ஒருவர் எம்மருகே சைக்கிளை நிறுத்தினார். "தாதா, எதற்கு எழுதுகிறீர்கள்? எங்களை இங்கும் நிறுத்தப் போகிறார்களா?" என்று கேட்டார். நமக்குத் தெரிந்த வங்காளத்தில் விளக்கினோம். அவர் நம்பவில்லை. முன்பு ஒருமுறை அபராதம் கட்டிய நாளில், மீன் விற்று வந்த பணம் முழுதும் போயிற்று என்றார். பேச்சு நீண்டது. அவர் சென்றபின் தாளைப் பார்த்தால், ஏறத்தாழ ஒரு கால்மணிக் கட்டம் வெறுமையாய் இருந்தது. அதுவும் நெரிசல் மிக்க வேளை. முந்திய கட்டத்தைப் பார்த்து, அதற்குச் சற்றுக் கூட்டிக் கோடுகளை நிரப்பினோம். நல்லவர்களுக்கு நன்மையாக இருக்கட்டும் என்று எண்ணியே கூட்டினோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பயணச்சீட்டு அறையில் பணி செய்த நாளில், மாலைக் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் நம் கையிலிருந்து கட்டியிருக்கிறோம். அங்கே தணிக்கை உண்டு. இங்கே சரிபார்ப்பார் எவருமில்லை. நாம் இட்ட கோடே முடிந்த முடிபு. அக்கணக்கு ஒருநாள் பொய்யென்று தெரிந்தால் முழு ஆய்வேடும் ஐயத்துக்கு உள்ளாகும். மீன்காரரின் வழக்கும் அதனோடு தோற்கும். உதவி செய்வதாக எண்ணிக் கேடு செய்துவிட்டோம்.

மறுநாள் மைத்துனரிடம் உள்ளதைச் சொன்னோம். வயதில் மூத்தவர் இளையவரிடம் இதைச் சொல்வது எளிதன்று. அவர் சினக்கவில்லை, சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு அந்தக் காலைக் கணக்கு முழுவதையும் சிவப்பு மையால் அடித்தார். "அடுத்த வாரம் அதே கிழமையில் மறுபடி எண்ணுவோம், அத்தான்" என்றார். சமர்ப்பிக்கும் நாள் நெருங்கியிருந்தும் ஒரு வாரம் காத்திருந்தார். நாமும் விடுப்பெடுத்து அதே முக்காலியில் அமர்ந்தோம். இம்முறை எவர் பேச வந்தாலும், "பணி முடியட்டும், தாதா" என்று கையெடுத்துக் கும்பிட்டோம்.

பாதை அமைத்தால் மட்டும் போதாது என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். டில்லியில் 2008-இல் சைக்கிள் பாதையோடு அமைத்த பேருந்துத் தனிவழி, 2016-இல் அகற்றப்பட்டது. மக்கள் ஏற்றுக்கொண்டதற்கு அவர் காட்டும் சான்று நம் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக அங்குப் பெண்கள் பல்லாயிரவர் சைக்கிள் ஓட்டக் கற்றனர். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். சைக்கிள் வந்தபின் தண்ணீர் கொண்டு வரவும், சந்தைக்குச் செல்லவும் அவர்கள் பிறரை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆய்வேடு கட்டமைத்து வந்த நாளில் நம் வீட்டில் பாயசம் வைத்தோம். ஆங்கிலத்தில் இருந்தமையால் நமக்குப் பாதிதான் விளங்கிற்று. குறைபாடுகள் என்னும் பகுதியில் ஒரு வரியை மட்டும் அவர் விரலால் காட்டினார். எண்ணியவரின் தவற்றால் ஒரு காலைக் கணக்கு நீக்கப்பட்டு மீண்டும் எடுக்கப்பட்டது என்று அதில் இருந்தது. நம் பெயர் அவ்வரியில் இல்லை. ஆனால் அது நம்மைப் பற்றிய வரி என்பதை இல்லாளுக்கும் பிள்ளைகளுக்கும் நாமே படித்துப் பொருள் கூறினோம்.

ஜாதவ்பூர்ப் பக்கம் செல்லும் அன்பர்கள், காலை வேளையில் ஸ்டேஷன் ரோட்டில் சிறிது நேரம் நின்று பாருங்கள். மீன் கூடை கட்டிய சைக்கிள் வந்தால் சற்றே ஒதுங்கி வழிவிடுங்கள்.