கல்குதிரையும் கல்லூரிக் குதிரையும்

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் குதிரை ஒன்றும் புதிது இல்லை. பெரிய கோயிலுக்குள் ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே சேஷராயர் மண்டபம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு வேலை. முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு வரிசையாக எழும்பி நிற்கும் கல்குதிரைகள், அவற்றின் மேல் வீரர்கள், கீழே சீறும் புலிகள். பார்த்திருப்பீர்கள்.

இது போதாதென்று வருடா வருடம் வேடுபறி வேறு. இராப்பத்தின் எட்டாம் நாள் நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் மணல்வெளிக்கு வருவார். வாகனத்தைத் தோளில் சுமந்தபடியே முன்னும் பின்னுமாக ஓடி வளைந்து வருவதற்கு வையாளி என்று பெயர். குதிரைச் சவாரிக்கான பழைய தமிழ்ச் சொல்லே அதுதான். வழிப்பறி செய்த திருமங்கை மன்னன் அங்கேதான் ஆழ்வார் ஆகிறார். அவருடைய குதிரைக்கும் பெயர் உண்டு, ஆடல்மா.

கல்லில் குதிரை, தங்கத்தில் குதிரை, ஊருக்கு வெளியே அய்யனார் கோயிலில் மண்குதிரை. எல்லாம் சரி... உயிருள்ள குதிரை மேல் ஏற வேண்டும் என்று ஒரு பெண்ணுக்கு ஆசை வந்தால்?

பிளஸ் டூ படிக்கும் ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது மெதுவாகச் சொல்கிறாள்.

"அம்மா, காலேஜ் போனா நான் குதிரையேற்றம் கத்துக்கணும்."

"நல்லாத்தான் இருக்கு. குதிரைக்கு எங்கேடி போறது?"

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. இந்த விளையாட்டின் மொத்தப் பிரச்சினையும் அந்த ஒரு கேள்விதான்.

ஒலிம்பிக்கில் குதிரையேற்றம் மூன்று வகை. டிரஸ்ஸாஜ் என்பது குதிரையை இசைக்கும் கணக்குக்கும் நடத்திக் காட்டுவது. ஷோ ஜம்பிங் என்றால் தடைகளைத் தாண்டுவது. இந்த இரண்டோடு காட்டு மேட்டு ஓட்டமும் சேர்ந்தால் ஈவென்டிங். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று கிடையாது. எல்லாரும் ஒரே போட்டியில்தான்.

இதில் நம் ஆட்கள் சாதிக்காமல் இல்லை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ராணுவத்தைச் சேர்ந்த ரகுபீர் சிங் ஈவென்டிங்கில் தங்கம் வாங்கினார். பெங்களூருக்காரர் ஃபவாத் மிர்ஸா 2018 ஜகார்த்தாவில் தனிநபர் வெள்ளியும் அணி வெள்ளியும் வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பிடித்தார். 2023இல் ஹாங்சோவில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வரும் டிரஸ்ஸாஜ் அணித் தங்கம் வாங்கினார்கள். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 வருடம் கழித்துக் கிடைத்த தங்கம் அது.

ஆனால் அந்த நால்வரும் ஐரோப்பாவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவர்கள். அதற்கென்று நல்ல குதிரை வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், லாயம், தீனி, லாடம், டாக்டர்... நடுத்தரக் குடும்பம் கணக்குப் போட்டுப் பார்க்கவே பயப்படும். அப்போது கதவு சாத்தியாகிவிட்டதா? இல்லை. ஒரு பக்கக் கதவு இருக்கிறது. அது கல்லூரி.

அமெரிக்காவில் கல்லூரிக் குதிரையேற்றம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே 1967 முதல் கல்லூரிகளுக்கு இடையே போட்டி நடத்தும் ஒரு சங்கம் இருக்கிறது. சொந்தக் குதிரை கொண்டு வரவேண்டியதில்லை. எந்தக் கல்லூரியில் போட்டியோ அந்த இடத்துக் குதிரைகள்தான். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். குதிரையை நடத்தவும் மெதுவாக ஓட்டவும் மட்டுமே தெரிந்தவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு.

பல்கலைக்கழகப் பெண்கள் அணிகளுக்கான இன்னொரு போட்டி முறை இன்னும் சுவாரஸ்யம். இரண்டு அணிகளிலிருந்தும் ஒவ்வொருவர் அதே குதிரையில், ஒருவர் பின் ஒருவராக ஏறுவார்கள். முன்பின் பார்த்திராத குதிரை. பழகிக்கொள்ள நாலே நிமிடம். யாருக்கு மதிப்பெண் கூடுதலோ அவர் அணிக்கு ஒரு புள்ளி. குதிரை ஒன்றே என்பதால் யாருடைய பணமும் அங்கே பேசாது. அந்த நாலு நிமிடத்தில் குதிரை என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிந்தவர் ஜெயிப்பார். இது முடுக்கானதா, மந்தமானதா? கடிவாளத்தை இழுத்தால் கோபப்படுமா? அவ்வளவுதான் பரீட்சை.

சரி, அமெரிக்கா வரைக்கும் யார் போவது? நம் ஊரில் என்ன இருக்கிறது?

என்.சி.சி இருக்கிறது. என்.சி.சி என்றாலே நமக்குத் துப்பாக்கியும் அணிவகுப்பும் காலை டிபனும்தான் ஞாபகம் வரும். அதில் ரிமவுண்ட் அண்ட் வெட்டரினரி என்று ஒரு குதிரைப் பிரிவும் உண்டு. 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில், வேப்பேரியில், அந்தப் பிரிவு இருக்கிறது. குதிரை என்.சி.சியுடையது. மாணவர்கள் அதைத் தேய்த்துவிட்டு, குளம்பு சுத்தம் செய்து, சேணம் கட்டி ஏறிப் பழகுகிறார்கள். தேர்வானவர்கள் டெல்லி குடியரசு தின முகாமில் குதிரையேற்றப் போட்டிக்கும் போகலாம்.

இது சும்மா கிடைக்காது. பிளஸ் டூவில் உயிரியல் பாடத்தில் நல்ல மார்க் வேண்டும். கால்நடை மருத்துவம் ஐந்தரை வருடப் படிப்பு. மாட்டையும் ஆட்டையும் கோழியையும் நேசிக்க முடியாதவர் குதிரைக்காக மட்டும் அங்கே போய்ச் சேர்ந்தால் கஷ்டம்தான். அங்கே ஏறிப் பழகியவர்கள் எல்லாம் ஒலிம்பிக் போவார்கள் என்றும் இல்லை. ஆனால் நம் பெண்ணின் ஆசை ஒலிம்பிக் இல்லையே. உயிருள்ள குதிரை மேல் ஒரு தரம் நிமிர்ந்து உட்கார வேண்டும், விழுந்தால் மறுபடி ஏற வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு அவள் டாக்டர் ஆனாலும், குதிரை ஏன் காதை மடக்குகிறது என்று தெரிந்த டாக்டராக இருப்பாள்.

அடுத்த முறை மணல்வெளிப் பக்கம் போனால் அந்தக் கல்குதிரைகளின் மேல் இருக்கும் வீரர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவர்களில் எத்தனை பேருக்குச் சொந்தக் குதிரை இருந்திருக்கும்? படையில் சேர்ந்து, ராஜா கொடுத்த குதிரையில் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள்தானே?

அம்மாவின் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. "குதிரைக்கு எங்கேடி போறது?"

வேப்பேரிக்கு. எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான். மார்க் வாங்கினால் போதும்!