செம்மண் சாலையில் குழந்தை ஸ்நானம்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் ஏறக்குறையப் பாதி வழியில் இருக்கிறது கந்தர்வக்கோட்டை. பெயரைக் கேட்டதும் யாழும் கையுமாகக் கந்தர்வர்கள் உலாவும் ஊர் என்று எண்ணிவிடாதீர்கள். சுற்றிலும் நீங்கள் காண்பது செம்மண், முந்திரித் தோப்பு, தைல மரம், மறுபடியும் செம்மண். தஞ்சைப் பக்கத்து வாய்க்கால்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சற்று ஏமாற்றம்தான். இது மேட்டு நிலம். ஏரி குளங்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் நிரம்பும். மற்ற நாட்களில் ஆழ்குழாய்க் கிணறே கதி.

இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சமயபுரம் மாரியம்மனைத் தரிசிக்க, மஞ்சள் ஆடை உடுத்திக் கூட்டம் கூட்டமாக நடந்தே போகிறார்கள். செங்கிப்பட்டிப் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்து, காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டிப் போக வேண்டும். இரவில் நடை, வெயில் ஏறினால் மரத்தடியில் தங்கல். கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குழந்தைகளும் உண்டு.

"ஐயோ! குழந்தையை எங்கே குளிப்பாட்டுவது?" என்று பட்டணத்துச் சகோதரிகள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். ஆடி மாதத்துக் காற்றில் அந்தச் செம்மண் புழுதி காதுமடல், கழுத்து மடிப்பு, அக்குள் ஒன்றையும் விடுவதில்லை. வேர்வையும் சேர்ந்துகொண்டால் குழந்தை மாலைக்குள் செங்கல் பொம்மைதான்!

புளிய மரத்தடியில் இறங்கியதும் அவர்கள் செய்கிற முதல் காரியம் சமையல் அல்ல. கூடவே வரும் டெம்போவிலிருந்து டிரம்மை இறக்கி, அகலமான அண்டாவில் தண்ணீர் ஊற்றி, வேப்பிலை ஒரு கொத்துப் போட்டு, நல்ல வெயிலில் வைத்துவிடுகிறார்கள். அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் விடும் வீட்டில் இந்த முறையைப் பார்த்திருப்பீர்கள். பெரியம்மை 1975-ஆம் ஆண்டோடு நம் நாட்டை விட்டே போய்விட்டது. வெயிலில் காயும் அண்டா மட்டும் போகவில்லை. விறகு வேண்டாம், புகை வேண்டாம். பதினோரு மணிக்கு இதமான வெந்நீர் தயார். ஆனால் கையை நம்ப வேண்டாம்; முழங்கையை நனைத்துப் பாருங்கள். அண்டாவின் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். தவழும் குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீர்கூடக் கிணறுதான்.

தொட்டி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒரு பாட்டியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்தாள். பேத்தியைக் கணுக்கால்களின் மேல் குப்புறக் கிடத்தினாள். முதுகு முடிந்ததும் ஒரு புரட்டு. நெற்றியில் உள்ளங்கையைக் குறுக்கே வைத்துக் கண்ணில் படாமல் தண்ணீர் விட்டாள். இரண்டு சொம்பில் காரியம் முடிந்தது. நம் வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நாம் செலவழிக்கும் தண்ணீரை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

துவட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. சின்ன உடம்பு பெரிய உடம்பைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கும்; ஆடிக் காற்று வேறு. ஆகவே காற்றுக்கு முதுகு காட்டி, இரண்டு புடவையை மறைவாகக் கட்டி, துண்டைக் கையில் தயாராக வைத்துக்கொண்ட பிறகுதான் முதல் சொம்பு. கைக்குழந்தையைத் தினமும் குளிப்பாட்டியாக வேண்டும் என்பதும் இல்லை. ஈரத் துணியால் முகத்தில் ஆரம்பித்து, மடிப்புகளைத் துடைத்து, பின்புறத்தைக் கடைசியில் துடைத்தால் ஒரு நாள் தாராளமாகத் தள்ளலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கத்தை மட்டும், பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும், நிறுத்திவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் ஆபத்து என்கிறார்கள் வைத்தியர்கள். சாம்பிராணிப் புகையும் பச்சைக் குழந்தைக்கு ஆகாது.

பெரிய பிள்ளைகள் அண்டாவுக்கு அடங்குமா? பம்பு செட்டு ஓடும் சத்தம் கேட்டால் போதும், செருப்பைக்கூட மறந்து ஓடும். ஆழத்திலிருந்து வரும் அந்தத் தண்ணீர் காலையில் வெதுவெதுவென்று இருக்கும், சுகமோ சுகம்! ஆனால் குழாய் வாயின் வேகம் சிறு பிள்ளையைத் தள்ளிவிடும், தொட்டியின் பாசி வழுக்கும், பக்கத்திலேயே மின்சாரப் பெட்டி. வாளியில் பிடித்து வந்து வெளியே ஊற்றுவதே சரி.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2024 ஜூலை 17, ஆடி முதல் தேதி. கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கண்ணுக்குடிப்பட்டியிலிருந்து சமயபுரத்துக்கு நடந்துகொண்டிருந்தவர்கள் மீது, வளம்பக்குடி அருகே விடியற்காலையில் ஒரு சரக்கு வாகனம் மோதி ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதிலிருந்து, குளிக்கும் இடம் எங்கே என்று பார்க்கும்போது நிழலையும் தண்ணீரையும் பார்ப்பதற்கு முன் சாலையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கலும் குளியலும் சாலைக்கு ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எதிர்ப்புறத்தில் எவ்வளவு நல்ல பம்பு செட்டு இருந்தாலும் அது நமக்கு இல்லை. இருட்டில் குளியலும் வேண்டாம்.

கொள்ளிடம் வந்ததும் ஆசை வரும். மணல் தெரிகிறதே, முழங்கால் தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள். மணல் எடுத்த குழிகள் மேலே பார்த்தால் தெரியாது. கரையில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றினாலும் அதே ஆறுதான், அதே புண்ணியம்தான்.

சமயபுரத்தில் கடைசிக் குளியல், மொட்டைக்குப் பிறகு. முடி காணிக்கைக்குக் கோயில்களில் 2021 முதல் கட்டணம் கிடையாது. புது பிளேடு போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை ஊரைக் கூட்டி அழும், அழட்டும். முடி ஒட்டிய கழுத்தை நன்றாகக் கழுவி, தலையை ஒற்றி எடுத்து, ஈரம் காய்ந்த பிறகு சந்தனம் பூசினால், ஐந்தாவது நிமிஷத்தில் அது தன் தலையைத் தானே தடவிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடும்.