சகாயம்: ஒரு வேண்டுதற் சொல்லின் வேர்

வட்டக்கோட்டை என்னும் பெயர் வட்டமானதொரு கோட்டையைச் சுட்டினாலும், கன்னியாகுமரிக்கு வடகிழக்கே கடலோரத்தில் ஏறத்தாழ மூன்றரை ஏக்கர் பரப்பில் நிற்கும் அந்தக் கருங்கற்கோட்டையின் தரைவடிவம் செவ்வகமே. ஆகையால் இக்கோட்டை நிற்கும் நாஞ்சில் நாட்டின் பெயர்களை அவை மேலோட்டமாகச் சொல்வதை மட்டும் நம்பி ஏற்றுக்கொள்வது ஆய்வாளருக்கு ஆகாது. இக்கோட்டையில் தொடங்கும் எல்லைக்கோட்டின் மறுமுனையில் உயிர்விட்ட ஒருவரின் பெயர் தேவசகாயம். இறைவனின் இரக்கத்தையும் ஆசியையும் நாடுவோர் இன்று அப்பெயரைச் சொல்லி மன்றாடுகின்றனர். ஆனால் அப்பெயரே ஒரு மன்றாட்டு என்பதும், அதன் வேர் நாஞ்சில் நாட்டுக்கு வெகுதொலைவில் இருப்பதும் பலர் அறியாதவை.

1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, சிறைப்பட்ட டச்சுப்படைத் தலைவர்களுள் ஒருவரான டிலனாயைத் தம் படையைப் பயிற்றவும் கோட்டைகளை வலுப்படுத்தவும் அமர்த்திக்கொண்டார். பிற்காலத்தில் ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய தளபதி, என்று மக்களால் அழைக்கப்பட்ட அவர் சீர்படுத்திய அரண்களுள் வட்டக்கோட்டையும் ஒன்று. அங்கிருந்து வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்வரை சென்ற காப்பரண்வரிசை, திருவிதாங்கூரின் கீழை எல்லையைக் காத்தது. அவ்வெல்லைக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையில், இயேசு சபைத் துறவியரின் பணித்தளமான வடக்கன்குளம் இருந்தது.

1712இல் நட்டாலத்தில் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனை அலுவலராக உயர்ந்த நீலகண்டன் என்பார், பயிரும் மாடுகளும் அழிந்து மனம் உடைந்திருந்த காலத்தில், கத்தோலிக்கரான டிலனாய் அவருக்கு விவிலியத்தின் யோபு கதையைச் சொன்னார் என்பது வழிவழி வரும் செய்தி. குற்றமற்ற ஒருவன் உடைமையையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்து, ஏன் இவ்வாறு என்று கடவுளிடமே வழக்காடும் கதை அது. ஆறுதல் சொல்ல வருவோர்க்கு இது எளிய கதையன்று. ஏனெனில் யோபு கேட்ட கேள்விக்கு அதில் நேரான விடை கிடைப்பதில்லை. ஆயினும் நீலகண்டன் எல்லை கடந்து வடக்கன்குளம் சென்று, பரஞ்சோதிநாதர் எனத் தமிழ்ப்பெயர் பூண்டிருந்த இத்தாலியத் துறவி புத்தாரியிடம் 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். திருமுழுக்கு என்பது நீரால் கிறிஸ்தவ சமயத்துக்குள் ஏற்கும் சடங்கு.

அன்று அவருக்கு இடப்பட்ட பெயர் லாசர். அது கிரேக்கம், இலத்தீன் வழியாகச் சுருங்கிய வடிவம். அதன் எபிரேய மூலம் எலெயாசர், ‘கடவுள் உதவினார்’ என்பது அதன் பொருள். பெயர்களை ஒலியால் மட்டும் கொண்டுவராமல் பொருளாலும் பெயர்ப்பது அக்காலத் தமிழ்க் கத்தோலிக்க மரபு: ‘கடவுள் அருளினார்’ எனப் பொருள்படும் யோவான் அருளப்பரானார்; ‘சிறியவர்’ எனப் பொருள்படும் பவுல் சின்னப்பரானார்; அவ்வழியிலேயே லாசர் தேவசகாயம் ஆனார். இங்கே பெயர்த்தவர் தேர்ந்த சொல் கருதத்தக்கது. இரக்கம், தயை, கிருபை, அருள் ஆகிய சொற்கள் மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும் ஒன்றைக் குறிப்பவை, சகாயம் அத்தகையதன்று. வடமொழியில் ‘சகாய’ என்பதற்கு உடன் செல்பவன், துணைவன் என்றே பொருள். ‘சக’ என்னும் முன்னொட்டு உடன் என்பதைக் காட்டும். எபிரேயப் பெயரில் உதவியாக மட்டும் இருந்தது தமிழில் வழித்துணையாகவும் ஆயிற்று. (கடைத்தெருவில் ‘சகாய விலை’ என்று எழுதி வைப்போரும் இச்சொல்லின் ஒரு கிளையையே பிடித்திருக்கின்றனர்.) துன்பத்தை நீக்கு என்று கேட்பதும், துன்பத்தில் உடன்வா என்று கேட்பதும் வேறு வேறு வேண்டுதல்கள், தேவசகாயம் என்னும் பெயர் இரண்டாவதற்கே நெருங்கியது, அவர் வாழ்வும் அவ்வாறே அமைந்தது.

1749இல் சிறைப்பட்ட அவர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் துன்புற்று, 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை ஒட்டிய காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. சமயத்துக்காக அன்றி அரசுக் குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டார் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உளர். எனினும் கொச்சி ஆயர் 1756இலேயே உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இம்மரணத்தைக் குறித்திருத்தலால், அவரைப் பற்றிய நினைவு பிற்காலப் புனைவு எனத் தள்ளத்தக்கதன்று.

மக்களின் வேண்டுதல் ஆவணங்களைவிடப் பாறைகளையே பற்றி நிற்கிறது. புலியூர்க்குறிச்சியில் ஒரு பாறைக்கு முட்டிடிச்சான் பாறை என்று பெயர். முட்டு என்பது இங்கே கைமுட்டு, அதாவது முழங்கை. இடித்தான் என்பது பேச்சில் இடிச்சான் ஆகி, இடித்தவனைக் குறிக்கும் பெயராக நிற்கிறது. காவலர் இழுத்துச் சென்ற வழியில் தாகத்தால் தவித்த தேவசகாயம் வேண்டிக்கொண்டு முழங்கையால் இடிக்க, நீர் சுரந்தது என்பது நம்பிக்கை. அந்நீரை இன்றும் நோய்தீர வேண்டி எடுத்துச் செல்கின்றனர். காற்றாடிமலையிலோ தட்டினால் மணிபோல் ஒலிக்கும் கல் ஒன்று உண்டு. வருவோர் அதைத் தட்டாமல் திரும்புவதில்லை. இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கில்லை. ஆனால் பாறைக்கதை சொல்வது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நீர் கிடைத்தது, விலங்கு கழலவில்லை. மீட்பை அல்லாமல் ஒரு மிடறு நீரையே அக்கதை விடையாகத் தருவதால், அதைப் புனைந்தோர் எவராயினும் பெயரின் பொருளை உணர்ந்தவர்கள் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

கத்தோலிக்கக் கோட்பாட்டின்படி புனிதர் தாமே வரம் தருபவர் அல்லர். வேண்டுவோருக்காக இறைவனிடம் பேசுபவர், இதனைப் பரிந்துரை என்பர். 2013இல் கருவில் அசைவற்றுப்போன சிசு ஒன்று தாயின் வேண்டுதலுக்குப்பின் உயிர்த்துடிப்புப் பெற்றதாகச் சொல்லப்பட்ட நிகழ்வை 2020இல் உரோமை புதுமையாக, அதாவது அற்புதமாக, ஏற்றது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார்.

யோபு கதையைச் சொன்னவராகக் கூறப்படும் டிலனாய் 1777இல் இறந்தார். இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த அவருடைய கல்லறை, அதே புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.