தம்பிக்கு ஒரு லிஃப்ட்



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கட வீட்டு முன்வளவில் நிற்கிற இரண்டு நீலத் தூணையும் பார்த்துவிட்டு, "என்ன சேர், சேர்விஸ் ஸ்டேஷன் போடப் போறீங்களா?" என்று கேட்காத ஆள் ஊரில் குறைவு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய்தான் இதை எழுதுகிறோம். வீட்டிலேயே வாகன வேலை செய்கிற பிள்ளைகள் உள்ள குடும்பம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. அவர்கள் வாசித்தால் நல்லது.

போன வருடம் நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமை. தம்பி தகரக் கொட்டிலில் ஒரு ஆல்ட்டோவுக்குக் கீழே படுத்திருந்தான். முன்பக்கம் டிரொலி ஜாக்கில் நின்றது. ஸ்டாண்ட் எங்களிடம் இரண்டு இருந்தன; பக்கத்து வீட்டுக் காக்கா அவற்றை இரவல் வாங்கிப்போய் மூன்று நாள். சீமெந்து வெடித்திருந்த இடத்தில் ஜாக்கின் சில்லு இறங்கிச் சரிந்தது. கார் விழுந்த சத்தம் குசினி வரைக்கும் கேட்டது.

அவனைக் காப்பாற்றியது ஒரு பழக்கம். கழற்றிய சில்லைச் சும்மா ஓரத்தில் சாத்தாமல், காரின் பக்கவாட்டுக்குக் கீழே படுக்கப் போடுவான். வாப்பா சொல்லிக் கொடுத்தது. வாப்பா 27 வருடம் ஹயர் வேன் ஓட்டினவர். கார் அந்தச் சில்லில் வந்து குந்தியது. அவன் நெஞ்சுக்கும் காருக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கும். அல்ஹம்துலில்லாஹ், தோளில் ஒரு சிராய்ப்போடு ஊர்ந்து வெளியே வந்தான். வந்தவன் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "காக்கா, இத பெருநாளைக்கு முந்திக் குடுக்கணும்."

உம்மா அன்றிரவு யாரோடும் பேசவில்லை. ஸஹருக்கு எழும்பின நேரம் ஒரே ஒரு வசனம்: "ஒண்டில் இந்த வேலைய உடச் சொல்லு, இல்லாட்டி ஒழுங்கான சாமான் வாங்கிக் குடுங்க."

வேலையை விடச் சொல்ல எங்களால் முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட அந்த ஐந்து வருடத்தில் நாட்டில் இருந்த பழைய வாகனங்களைத்தான் எல்லோரும் தட்டிக்கொட்டி ஓட்டினோம். தம்பியின் தொழில் நிமிர்ந்ததே அப்போதுதான். எங்கட சம்பளம் எப்படிக் கரைந்தது என்பது ஆசிரியர் வீடுகளுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், 2022 இல் எங்கட வீட்டு அடுப்பு எரிந்ததில் பாதி தம்பியின் ஸ்பேனரால்.

ஆகவே சாமான் வாங்குவது என்று முடிவானது. என்ன சாமான் என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி.

வாப்பாவுக்கு லிஃப்டே வேண்டாம். "பிட்ட திருத்திக் கட்டுங்க. பிட்டுல நிண்டுதானே நாங்க எல்லாம் வேல செஞ்ச." கொட்டிலுக்குப் பின்னால் அவர் வெட்டிய பிட் ஒன்று இருக்கிறது. ஆனால் எங்கட ஊர் மண் கடற்கரை மணல். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். நவம்பரில் மழை பிடித்தால் ஜனவரி முடியும் வரைக்கும் அந்தப் பிட் ஒரு கிணறு. இரண்டு தடவை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நுளம்புக் குடம்பி இருக்கிறதென்று எச்சரித்துவிட்டுப் போனார், அதுவும் ஆசிரியர் வீட்டில்! இன்னொரு விசயம் பலருக்குத் தெரியாது: பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது. பள்ளத்தில் இறங்கித் தங்கும். அதற்குள் நின்று ஒரு சாதாரண பல்ப் விளக்கை நழுவவிட்டால் போதும்.

பிட் இல்லையென்றானதும் இன்டர்நெட்டில் படம் பார்க்கத் தொடங்கினோம். மச்சான் நாலு தூண் லிஃப்டுக்கு ஆள். வாகனம் அப்படியே இரண்டு தட்டில் ஏறி நிற்கும், பாரம் நாலு மூலையாலும் நேரே நிலத்துக்கு இறங்கும், பார்க்கவே நிம்மதி. எண்ணெய் மாற்றுகிற இடத்துக்கும், ஒரு காருக்கு மேல் இன்னொரு காரை நிறுத்துகிற பணக்கார வீட்டுக்கும் அது சரி. தம்பிக்கு வருகிற வேலையோ பிரேக், சஸ்பென்ஷன், கியர்பொக்ஸ். நாலு தூணில் வாகனம் தன் சில்லிலேயே நிற்பதால் சில்லைக் கழற்ற நடுவில் இன்னொரு ஜாக் போட வேண்டும். கத்தரிக்கோல் மாதிரி மடிந்து விரிகிறது ஒன்றும் இருக்கிறது. அதில் சின்ன வகை மலிவு, இடமும் பிடிக்காது. ஆனால் ஏறக்குறைய ஒரு மீற்றர்தான் உயரும். குந்தியிருந்து வேலை செய்ய வேண்டும், நடுவில் அதன் இரும்பே கியர்பொக்ஸை மறைக்கும். மிஞ்சியது இரண்டு தூண்.

இரண்டு தூணில்தான் பயமும் இருக்கிறது. தரம் 10 பிள்ளைகளுக்கு விசையின் திரும்பல் விளைவு படிப்பிக்கிற நேரம், ஒரு மாணவனை எழுப்பித் தண்ணீர் வாளியை நீட்டிய கையில் பிடிக்கச் சொல்வோம். அரை நிமிடத்தில் உடம்பே வாளிப் பக்கம் சாயும், குதிக்கால் கிளம்பப் பார்க்கும். இரண்டு தூண் லிஃப்டும் அதேதான். தூண் நிலத்தில், பாரம் நீட்டிய கையில். தூண் உள்பக்கம் சாயப் பார்க்கும். வெளிப்பக்கத்து போல்ட்டுகள் கொங்கிரீட்டிலிருந்து பிடுங்கி வரப் பார்க்கும். கல்வியியற் கல்லூரியில் இதைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்போம். பாடத்துக்கு நடுவில் தம்பி படுத்திருப்பான் என்று அன்று நினைக்கவில்லை.

ஆகவே லிஃப்ட் பார்ப்பதற்கு முன் நிலத்தைப் பாருங்கள். எங்கட வீடு சுனாமிக்குப் பிறகு திரும்பக் கட்டியது. கொட்டில் நிலம் எவ்வளவு தடிப்பு என்று யாருக்கும் ஞாபகமில்லை. மேசன் பாஸ் ஒரு மூலையில் துளை போட்டுப் பார்த்தார்: ஒன்றரை அங்குலம் சீமெந்து, கீழே உடைந்த செங்கல், அதற்குக் கீழே மணல். அதில் தூணை இறுக்கியிருந்தால் முதல் வேனோடு முடிந்திருக்கும். நாங்கள் பார்த்த கையேடுகளில் குறைந்தது 4 அங்குலக் கொங்கிரீட் கேட்கிறார்கள், சிலதில் 6. எங்கட மண்ணுக்கு 6 என்று முடிவு செய்தோம்.

அதற்கிடையில் கொழும்புக்கும் போய் வந்தோம். பஞ்சிகாவத்தையில் அரை நாள் அலைந்தோம். ஒரு கடையில் பாவித்த லிஃப்ட் ஒன்று, பாதி விலைதான், பளபளவென்று பெயின்ற் அடித்திருந்தது. தம்பிக்கு வாய் ஊறியது. கடைக்கார நானா ஒரு காரை ஏற்றி, மேலே தூக்கி, இறக்கியும் காட்டினார். நல்ல மனிசன், பிளேன்டீ எல்லாம் தந்தார். நாங்கள் ஒன்றைத்தான் கேட்டோம்: லொக்கில் உட்கார வைத்துக் காட்டுங்கள்.

லொக் என்றால் தூணுக்குள் இருக்கிற இரும்புப் பூட்டு. லிஃப்ட் ஏறும்போது டக், டக் என்று படிப்படியாக விழும். வேலைக்கு உயர்த்தியதும் வாகனத்தைக் கொஞ்சம் இறக்கி அந்தப் பூட்டில் குந்த வைக்க வேண்டும். அதன் பிறகு எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் சீல் போனாலும் வாகனம் இரும்பில் நிற்கும். அன்று அந்தக் கடையில் சத்தம் ஒரு பக்கம்தான் கேட்டது. மற்றப் பக்கம் ஊமை. இரண்டு பக்கத்தையும் சமமாக வைத்திருக்கிற கேபிளைத் தடவிப் பார்த்தால் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. "ஹைட்ரோலிக் தாங்கும் சேர், லொக் சும்மா ஒரு இதுக்கு" என்றார். பெருநாளைக்கு முந்திய கிழமை எங்கட ஜாக்கும் ஹைட்ரோலிக்தான். ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். தம்பி மருதானை வரைக்கும் பேசவில்லை.

கடைசியில் புதிதாக ஒன்று, சீனத் தயாரிப்பு, 4 தொன். எங்களிடம் வருகிறதில் பாரமானது ஹைஏஸ் வேன், அது ஏறத்தாழ இரண்டு தொன். பிறகு ஏன் நாலு என்று கேட்கலாம். வேனின் பாரம் நாலு கையிலும் சமமாக விழாது. எஞ்சின் இருக்கிற பக்கம் கூட. பின்னால் சீமெந்துப் பக்கட்டோடு வருகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

உயரத்தில் இன்னொரு கணக்கு. லிஃப்ட் 1.8 மீற்றர் தூக்கும், வேன் ஏறக்குறைய 2 மீற்றர். ஆக 3.8, அதாவது பன்னிரண்டரை அடி. எங்கட தகரம் பத்தடியில். மேலே குறுக்குச் சட்டம் உள்ள வகை பன்னிரண்டு அடிக்குக் குறையாது. கூரையையே புதிதாக அடிக்க வேண்டும். அதனால் கேபிள் நிலத்தோடு போகிற வகையை எடுத்தோம். நடுவில் ஒரு தகட்டு மேடு இருக்கும், காலில் தடக்கும். கூரையை நடுப்பகுதியில் மட்டும் உயர்த்தினோம். வேன் வந்தால் முழுக்கத் தூக்குவதில்லை, ஆல்ட்டோ வந்தால் நிமிர்ந்து நிற்கலாம்.

காசுக் கதை வேண்டாம். பாடசாலைச் சீட்டு எங்களுக்கு விழுந்த மாதம், ராத்தாவின் ஒரு சோடிக் காப்பு, தம்பியின் சேமிப்பு. அவ்வளவுதான். ராத்தாவின் காப்பைத் திருப்பிக் கொடுக்கிற வேலை இன்னும் பாக்கி.

கொங்கிரீட்டை 1:1½:3 கலவையில், இரண்டு அடுக்குக் கம்பி வலை போட்டுக் கொட்டினோம். சாக்கு விரித்து ஈரம் காயாமல் வைத்தோம். பிறகு 28 நாள் காத்திருக்க வேண்டும் என்றதும் வீட்டில் பெரிய சண்டை. தம்பி பதினோராம் நாளே துளை போட டிரில் இரவல் கொண்டுவந்துவிட்டான். "கல்லு மாதிரி காஞ்சிட்டு காக்கா, கால வெச்சிப் பாருங்க." கொங்கிரீட் காய்ந்து பலமாவதில்லை, ஈரத்தோடு இருந்துதான் பலமாகிறது என்று விளக்கினோம். கேட்கவில்லை. உம்மா டிரில்லை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அது வேலை செய்தது.

மின்சாரம் சிங்கிள் பேஸ் போதும், மோட்டர் 2.2 கிலோவாட். ஆனால் தனி வயர் இழுத்துத் தனி பிரேக்கர் போடுங்கள். குசினி பிளக்கில் மாட்ட வேண்டாம். ஒன்றை மட்டும் முதலே அறிந்து வையுங்கள்: வாகனம் லொக்கில் குந்தியிருக்கும்போது கரண்ட் போனால் இறக்க முடியாது. லொக் விடுபட முதலில் ஒரு அங்குலமாவது மேலே தூக்க வேண்டும், அதற்கு மோட்டர் ஓட வேண்டும். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்டில் இது சின்ன விசயமில்லை. பரவாயில்லை, கார் மேலேயே நிற்கட்டும். விழாதே.

ஆங்கர் போல்ட்டுகளை டோர்க் ரெஞ்ச் போட்டுத்தான் இறுக்கினோம். ஒரு கிழமை வேலைக்குப் பிறகு திரும்ப இறுக்கினபோது இரண்டு போல்ட் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தன. இப்போது மாதம் ஒரு தடவை, பெயின்ற் கோடு கீறி வைத்துப் பார்க்கிறோம். கடல் காற்றுக்குக் கேபிளில் கிறீஸும் பூச வேண்டியிருக்கிறது.

முதலில் ஏற்றியது அதே ஆல்ட்டோதான். உரிமையாளர் சந்தோசமாகச் சம்மதித்தார். நாலு கையையும் கீழே பலமான இடத்தில் பொருத்தி, அரை அடி தூக்கி, நாலு பக்கமும் காரை ஆட்டிப் பார்த்தோம். அசையவில்லை. பிறகு மேலே.

வாப்பா அன்று பள்ளிக்குப் போய்விட்டுத் தாமதமாகத்தான் வந்தார். பிட்டை மூட இரண்டு ட்ரக்டர் மண் வந்து கொட்டியிருந்ததில் அவருக்கு மனவருத்தம். காருக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டார்.

இப்போது தம்பி மோட்டரைப் போட்டால், முன் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிற வாப்பா பேப்பரை மடியில் வைப்பார். டக், டக் என்று ஏறி நின்று, கொஞ்சம் இறங்கின பிறகு உள்ளே குரல் வரும்:

"ரெண்டு பக்கமும் உழுந்திச்சா மனே?"

"உழுந்திச்சி வாப்பா."

பிறகுதான் பேப்பரை எடுப்பார்.