பழைய பிரதிகள்

2006-ஆம் ஆண்டு என் இறுதியாண்டுத் திட்டப்பணி, ஒரு பழைய கணினியை என் மடிக்கணினிக்குள் ஓட வைப்பது. 8086 சில்லு, 1 எம்பி நினைவகம், டாஸ். அந்தச் சில்லைப் போலவே நடிக்கும் மென்பொருளை எமுலேட்டர் என்பார்கள். என் மடிக்கணினியில் 512 எம்பி நினைவகம் இருந்தது. ஒரு பழைய விளையாட்டை ஓட்டினேன். நான்கே நிமிடத்தில் எல்லாம் உறைந்து நின்றது.

"ஒரு எம்பி மெஷினுக்கு ஐந்நூறு எம்பி பத்தலையா லா?" என்று அறைத்தோழன் சிரித்தான். விரிவுரையாளரிடம் செய்துகாட்ட இன்னும் ஒன்பது நாள்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணத்தைச் சொல்ல அவ்வாண்டு எங்கள் மொழிச் சங்கம் போட்ட நாடகத்தைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். இயக்குநர் ஒவ்வோர் ஒத்திகையிலும் வசனத்தைத் திருத்துவார். உடனே புதுப் பிரதி எடுப்போம். பழையதை எறிய யாருக்கும் மனம் வராது. சங்க அறை அலமாரி பிதுங்கியது.

என் எமுலேட்டரும் அப்படித்தான். பழைய சில்லின் கட்டளைகளை ஒவ்வொரு முறையும் படித்துப் பொருள்கொண்டால் வேகம் வராது. ஆகவே ஒரு தொகுதிக் கட்டளைகளைப் புதிய சில்லின் மொழிக்கு ஒருமுறை மொழிபெயர்த்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஆனால் அக்கால நிரலாளர்கள் சிலர், ஓடும்போதே தன்னைத் திருத்திக்கொள்ளும் நிரலை எழுதினார்கள். 1993-இல் வந்த டூம் விளையாட்டிலும், சுவரை வரையும் சுழற்சிக்குள் இருந்த ஓர் எண்ணை நிரலே மாற்றி எழுதும். பதிவகங்கள் குறைந்த சில்லில் அது நல்ல சிக்கனம்.

என் விளையாட்டும் அதே ரகம். திரைக்கு 320 நெடுவரிசை, நொடிக்கு 10 திரை, திருத்தம் ஒவ்வொன்றுக்கும் சுமார் 400 பைட்டில் புது மொழிபெயர்ப்பு. நொடிக்கு 1.28 எம்பி! பழையதை நான் அழிக்கவே இல்லை.

பயம்தான் காரணம். ஒரு தொகுதி ஓடிக்கொண்டே தன்னைத் திருத்தும் நேரத்தில் அதை அழித்தால், உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது போலாகும். வேறு தொகுதிகளும் அதற்குள் நேரே தாவிக்கொண்டிருக்கும்.

முதலில், எங்கே எழுதப்பட்டாலும் அந்த 4096 பைட் பக்கத்தின் மொழிபெயர்ப்புகளையெல்லாம் ஒதுக்கி, பாதுகாப்பான இடத்துக்குத் திரும்பியபின் அழித்தேன். நினைவகம் இறங்கியது, வேகம் ஆமையானது. விளையாட்டின் மதிப்பெண்ணும் கட்டளைகளும் ஒரே பக்கத்தில் இருந்தன. ஒரு புள்ளி கூடினால் முழுப் பக்கமும் மறுபடி மொழிபெயர்ப்பு.

நூலகத்தில், க்யூ-எமு பற்றி ஃபேப்ரிஸ் பெல்லார் 2005-இல் எழுதிய கட்டுரை கிடைத்தது. மொழிபெயர்ப்புகளுக்கு 16 எம்பி மட்டும். நிரம்பினால் மொத்தத்தையும் துடைத்துவிடு. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: எல்லாம் ஒன்றாகப் போனால், யார் யாருக்குள் தாவுகிறார்கள் என்று தேட வேண்டியதே இல்லை. நான் 8 எம்பி ஒதுக்கினேன். பழைய நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டும் கட்டளையா தரவா என்று குறிக்க ஒரு பிட் வைத்தேன். 1 எம்பிக்கு 128 கேபிதான். மதிப்பெண் மாறினால் இனி யாரும் அசையமாட்டார்கள்.

சுழற்சிக்குள் மாறும் அந்த எண்தான் மிச்சம். டிரான்ஸ்மெட்டா பொறியாளர்கள் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு வழி இருந்தது. எண்ணை மொழிபெயர்ப்புக்குள் பதிக்காமல், ஒவ்வொரு முறையும் பழைய நினைவகத்தில் அது இருக்கும் இடத்திலிருந்தே படித்துக்கொள்ள வேண்டும். எண் எத்தனை முறை மாறினாலும் மொழிபெயர்ப்பு அப்படியே நிற்கும். இயக்குநர் திருத்தும் சொல்லுக்கு மட்டும் பிரதியில் வெற்றிடம் விட்டு, கரும்பலகையைப் பார்த்துப் பேசச் சொல்வது போல. (எங்கள் நடிகர்களிடம் இதைச் சொல்லவில்லை, அடித்திருப்பார்கள்.)

செய்துகாட்டிய நாளில் விளையாட்டு நாற்பது நிமிடம் ஓடியது. நினைவகக் கோடு படுக்கையாகவே கிடந்தது. விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஏன் 8, ஏன் 16 இல்லை? 4, 8, 16 மூன்றையும் ஓட்டிப் பார்த்ததாகவும், 8-க்கு மேல் என் கணினியில் வேகம் கூடவில்லை என்றும் சொன்னேன். தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, அடுத்த மாணவரை அழைத்தார்.